மக்கள் வரைந்த நிலப்படமும் சான்றின் நிறைவும்

1. வினா

களத்தே சென்று செய்தி திரட்டும் ஆராய்ச்சியாளர் எவர்க்கும் ஒரு நிலையில் எழும் வினா ஒன்றுண்டு. ‘இதுகாறும் திரட்டியவை போதுமோ? இன்னும் சிலரைக் கண்டு கேட்டல் வேண்டுமோ?’ என்பதே அது. எண்ணும் அளவும் கொண்டு நடக்கும் ஆய்வுகளில் இவ்வினாவிற்குக் கணக்கியலார் வகுத்த விடை உண்டு. மக்களின் வாய்மொழியையும் பட்டறிவையும் பொருளாகக் கொண்ட பண்புசார் ஆய்வுகளில் அத்தகைய விடை இல்லை. ஆதலின், காலம் முடிந்த இடத்தில் களப்பணியையும் முடித்துவிட்டு, ‘தரவு நிறைவுற்றது’ என ஒரு தொடரை ஆய்வேட்டில் எழுதிச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது.

இவ்வழக்கம் எல்லா ஆய்வுக்கும் தீங்கே எனினும், ஒரு துறையில் அதன் தீங்கு மிகப் பெரிது. மக்களே தம் நிலத்தைப் படமாக வரைந்து காட்டும் ஆய்வு அத்துறையாகும். குறைந்த சான்றோடு முடிந்த கட்டுரை அதனை எழுதியவர்க்கு இழுக்கு. குறைந்த சான்றோடு முடிந்த நிலப்படமோ ஒரு குடியினர் தம் நிலத்தையே இழத்தற்கு ஏதுவாகும். இவ்வேறுபாட்டை உளங்கொண்டு, இத்துறையில் ‘போதும்’ எனத் துணிதற்குரிய அளவைகள் யாவை என ஈண்டு ஆராய்வோம். கனடா நாட்டில் நிகழ்ந்த இரு பெரும் முயற்சிகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவை இத்துறையின் முன்னோடிகள் ஆதலின் என்க.

2. செறிவுக் கொள்கை

பண்புசார் ஆய்வாளர் பெரும்பாலார் தரவின் நிறைவுக்கு அளவையாகக் கொள்வது ‘செறிவு’ என்னும் கருத்தாகும். இதனை 1967இல் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியலார் இருவரும் தம் நூலில் முன்வைத்தனர். ஒரு கருத்துவகையைப் பற்றி மேலும் மேலும் கேட்டும் அதன் புதிய இயல்பு எதுவும் வெளிப்படாதாயின், அவ்வகை செறிந்தது எனக் கொண்டு அமையலாம் என்பது அவர்தம் கொள்கை. அவர் கூறியது கொள்கையாக்கத்தின் பொருட்டு நிகழும் ஆய்வுக்கே உரியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பின் வந்தோர் இக்கருத்தினை எண்ணாக மாற்ற முற்பட்டனர். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்னும் மூவர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், கானா, நைஜீரியா ஆகிய இரு நாட்டு மகளிரிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து, முதல் 12 நேர்காணல்களிலேயே செறிவு பெரும்பாலும் எய்தப்பட்டது என்றனர். ஒரு தன்மையராய மக்களிடம் குறுகிய நோக்கத்தோடு கேட்டமையால் கிடைத்த முடிவு இது என அவரே எச்சரித்திருந்தும், 12 என்னும் எண் மட்டும் தனித்துப் பிரிந்து உலகெங்கும் உலவலாயிற்று. 2017இல் ஹென்னிங்க் முதலியோர் 25 நேர்காணல்களை ஆராய்ந்து, செய்திகள் இவையிவை என அறிதற்கு 9 நேர்காணல்கள் அமைந்தன எனவும், அவற்றின் பொருளை உள்ளவாறு உணர்தற்கு 16 முதல் 24 வரை வேண்டியிருந்தன எனவும் காட்டினர். ‘செய்தியைக் கேட்டல் வேறு, அதன் பொருளை அறிதல் வேறு’ என்னும் இப்பாகுபாடு போற்றற்குரியது.

எனினும், இவ்வெண்கள் எவையும் நிலப்பட ஆய்வுக்குப் பொருந்தா என்பது எம் துணிபு. காரணம் கூறுவோம். செறிவு என்பது கருத்தைப் பற்றியது. நிலப்படமோ கருத்தோடு இடத்தையும் உடையது. வேட்டைஞர் பன்னிருவரைக் கேட்டபின், அக்குடியினர் மான் வேட்டையாடுவர், கடல்நாய் பிடிப்பர், மீன் கொள்வர், நரிக்குப் பொறி வைப்பர் என்னும் தொழில்வகைகள் யாவும் தெரிந்துவிடலாம். பதின்மூன்றாமவர் புதிய தொழில் எதனையும் கூறாதிருக்கலாம். ஆயின் அவர் சென்ற ஆறு வேறு. பொறி வைத்த பள்ளத்தாக்கு வேறு. தொழில்வகை நிறைந்தது, இடம் நிறையவில்லை. இந்நிலையில் ‘புதியது ஒன்றும் இல்லை’ என்று அமையும் ஆய்வாளர், பதின்மூன்றாமவர் நிலத்தைப் படத்தினின்றும் நீக்கியவர் ஆவர். கருத்து ஒருவர் கூறினும் பலர்க்கும் பொதுவாகும். காலடி பட்ட நிலம் அவரவர் கூறினாலன்றி வெளிப்படாது. இவ்வுண்மையை நோக்காது செறிவுக் கொள்கையை நிலப்படத்தின்மேல் ஏற்றுவது, பிறிதொன்றற்கு வகுத்த அளவுகோலால் பிறிதொன்றை அளப்பதாகும்.

3. இனூயிட் மக்களின் நிலப்படம்

கனடாவின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்களின் நிலப்பயன்பாட்டை ஆராய்ந்த பெருமுயற்சியின் பயன், மில்டன் பிரீமன் பதிப்பாசிரியராக இருந்து 1976இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இம்முயற்சியில் கையாளப்பட்ட முறையினை ‘வாழ்க்கை நிலப்படம்’ எனலாம். வேட்டைஞர் ஒருவர் முன் நிலப்படத்தை விரித்து, அவர் தம் வாழ்நாளில் எவ்வெவ் விலங்கை எங்கெங்கு வேட்டையாடினார், எங்குப் பாடியமைத்துத் தங்கினார் என்பவற்றை அவரே கோடிட்டுக் காட்டச் செய்தனர். இவ்வாறு ஏறத்தாழ 1,600 பேரின் வாழ்க்கை நிலப்படங்கள் திரட்டப்பட்டன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கியபோது, அதுகாறும் வெற்றுப் பனிநிலம் எனப் பிறர் கருதிய பரப்பு முழுவதும் மக்கள் வழங்கிய நிலம் என்பது புலனாயிற்று. 1993இல் கையெழுத்தான நுனாவுட் நில உடன்பாட்டிற்கும், 1999 ஏப்ரல் முதல் நாளில் நுனாவுட் தனி ஆட்சிப்பகுதியாக அமைந்ததற்கும் இத்தொகுதிகள் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாயின.

இதன் சிறப்பு யாது? ஆய்வாளர் சிலரைத் தெரிந்தெடுத்து அவர் கூற்றால் ஊரை மதிப்பிடவில்லை. இயன்ற மட்டும் வேட்டைஞர் அனைவரையும் அணுக முற்பட்டனர். இடம் பற்றிய சான்று ஒவ்வொருவரிடத்தும் தனித்தனியே உறைகின்றது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தனர். பன்னிருவரோடு நின்றிருப்பின் இத்தகைய படம் எய்தியிராது என்பது சொல்லாமலே விளங்கும். ‘எத்துணைப் பேர் போதும்?’ என்னும் வினாவிற்கு, இடத்தைப் பொறுத்தவரை, ‘இயலுமாயின் எல்லோரும்’ என்பதே இம்முயற்சி தந்த விடை.

ஆயினும், எண் மிகுதியே நிறைவாகாது என்பதற்கும் இதுவே சான்றாகும். இம்முயற்சி வேட்டைஞரை நடுவாகக் கொண்டது. ஆகவே அதில் பெரும்பாலும் ஆடவர் குரலே ஒலிக்கின்றது. கனி பறித்தல், கரையோரத்தே மீன் கொள்ளல், பாடியைச் சூழ்ந்த இடங்களில் பொருள் தேடல் முதலாக மகளிர் வழங்கிய நிலம் அத்துணை விளக்கம் பெறவில்லை. ரோஷ்லோ முதலியோர் 1995இல் எழுதிய கட்டுரையில், ஆடவர் நிலம் எனக் குறித்த பரப்பினுள்ளேயே மகளிர் பயன்கொள்ளும் இடங்கள் ஊடும் பாவுமாகக் கிடத்தலையும், பொதுவான படங்கள் அவற்றை மறைத்துவிடுதலையும் எடுத்துக்காட்டினர். ஆடவர் ஆயிரவரைக் கேட்டபின்னும் மகளிர் ஒருவரைக் கேளாக்கால் அப்படம் பாதிப்படமே.

4. கோடும் பொருளும்

ஹியூ புரோடி 1981இல் வெளியிட்ட ‘நிலப்படங்களும் கனவுகளும்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூல் இவ்வினாவை வேறொரு வகையால் அணுகுகின்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கே வாழும் பழங்குடியினரிடையே அவர் 1970களின் இறுதியில் வாழ்க்கை நிலப்படங்களைத் திரட்டினார். எரிவாயுக் குழாய் ஒன்று அவர்தம் நிலத்தூடே செல்லவிருந்த காலம் அது. நூலின் இயல்கள் மாறி மாறி அமைந்துள்ளன: ஓரியல் மக்களோடு ஆசிரியர் கழித்த நாட்களைக் கூறும், அடுத்த இயல் நிலப்படம், வேட்டை வருவாய், வரலாறு ஆகியவற்றை ஆய்வு நடையில் கூறும்.

இவ்வமைப்பு அழகு பற்றியது மட்டும் அன்று என்பது எம் கருத்து. ஆய்வியல்கள் நிலம் எங்கு வழங்கப்பட்டது என்பதை நிறுவுகின்றன. மற்றை இயல்கள் அவ்வழக்கு எத்தன்மையது என்பதை உணர்த்துகின்றன. கோடு இடத்தைக் காட்டும். அக்கோட்டின்கண் நிற்கும் உரிமை, நினைவு, அச்சம், வழிபாடு ஆகியவற்றைக் காட்டாது. நூலின் இறுதிப் பகுதியில், அரசு அலுவலர் வந்து கேட்ட அவையிலே, முதியோர் தோற்பொதி ஒன்றைக் கொணர்ந்து அவிழ்த்துத் தம் முன்னோர் கனவிற்கண்ட வழிகளைப் பொறித்த படத்தை விரிக்கின்றனர். வந்தவர்க்கு அது தரவு அன்று. கொணர்ந்தவர்க்கு அதுவே தலையாய தரவு. இக்காட்சியை நூலாசிரியர் விளக்கவுரையின்றி விடுத்தது நன்று. எது தரவு என்பதிலேயே இரு சாராரும் ஒன்றுபடாதபோது, தரவு நிறைந்ததோ என்னும் வினாவை ஒரு சாரார் மட்டும் விடுத்து விடையும் கூறிக்கொள்ளல் முறையன்று என்பதை அது உணர்த்துகின்றது.

இந்நூலிலும் குறையொன்றைக் கூறலாம். கோடு கூறும் இயல்களும் பொருள் கூறும் இயல்களும் தம்முள் சந்திக்கும் இடங்கள் சிலவே. எவ்விடத்துக்கு எத்தனை பேர் சான்று, எவ்விடம் ஒருவர் வாய்மொழியால் மட்டும் நிற்பது என்பனவற்றைப் படிப்போர் எளிதிற் காண இயலவில்லை. பிற்காலத்தே டெர்ரி டோபையஸ் 2000இலும் 2009இலும் வெளியிட்ட வழிகாட்டி நூல்கள், கேட்கும் முறை, குறிக்கும் முறை, காக்கும் முறை ஆகியவற்றை வரையறுத்து இக்குறையை நீக்க முயன்றன.

5. சான்றோரை எண்ணுதலும் எடைபோடுதலும்

சான்றோரின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு நிறைவை மதிப்பிடலாகாது என்பதற்குத் தமிழாராய்ச்சியாளர் நன்கறிந்த ஒப்புமை ஒன்றுண்டு. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிவோர், பத்துச் சுவடிகள் ஒரே தாய்ச்சுவடியினின்றும் பெயர்த்தெழுதப்பட்டவை எனக் கண்டால், அவற்றைப் பத்துச் சான்றாகக் கொள்ளார். ஒரு சான்றாகவே கொள்வர். வேறு வழிவந்த தனிச்சுவடி ஒன்று அப்பத்திற்கும் மாறுபட்டு நிற்பினும் அதனைப் புறக்கணியார்.

நிலப்படத்திலும் இம்முறையே வேண்டும். ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ஐவர், தந்தையோடு சென்ற ஒரே தடத்தை ஐந்து முறை வரைவர். ஐந்தாம் படம் புதியது எதனையும் சேர்க்கவில்லை எனக் கண்டு, ஊரின் நிலம் முழுவதும் வரையப்பெற்றது எனத் துணிந்தால் அது பிழையாகும். அங்கு நிறைந்தது ஒரு குடும்பத்தின் நினைவேயன்றி ஊரின் நிலம் அன்று. இதற்கு மாறாக, முதியவர் ஒருவர் மட்டும் வரைந்த கோடு தனித்து நிற்குமாயின், அது வலியற்ற சான்று எனத் தள்ளுதலும் பிழையே. அவ்வழி சென்றோருள் எஞ்சியவர் அவர் ஒருவராக இருத்தல் கூடும்.

ஆதலின், ஒவ்வொரு நேர்காணலுக்குப் பின்னும் படத்தின் புறவெல்லை எத்துணை விரிந்தது என நோக்கும் முறை பயனுடையதே எனினும், அதனை ஊர் முழுமைக்கும் ஒன்றாக நோக்கலாகாது. குடும்பம், ஊர்ப்பகுதி, பால், வயது, தொழில் என நிலத்தோடு உள்ள உறவு எவ்வெவற்றால் வேறுபடுமோ அவ்வவற்றால் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் எல்லை விரிதல் நின்றதோ எனத் தனித்தனி நோக்குதல் வேண்டும்.

6. வெற்றிடம்

நிலப்படத்தில் கோடு படாத இடத்தை எவ்வாறு கொள்வது? இதுவே இத்துறையின் அரிய வினா. ஆங்கு எவரும் சென்றிலர் எனவும் கொள்ளலாம். சென்றோரை ஆய்வாளர் கேட்டிலர் எனவும் கொள்ளலாம். கேட்டும் அவர் கூற விரும்பிலர் எனவும் கொள்ளலாம். இம்மூன்றும் படத்தில் ஒரே வெண்மையாகத் தோன்றும். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைத்தில. அவை பாடப்பெறவில்லை என எவரேனும் கூறுவரோ? கூறார். நூலில் விடுபட்டதை விடுபட்டது எனக் குறிக்கும் நாம், நிலத்தில் விடுபட்டதை இல்லது எனக் கொள்ளல் தகுமோ?

வெற்றிடத்தின் விளைவு நீதிமன்றங்களில் நன்கு வெளிப்பட்டது. கிட்சன், வெட்சுவெட்டன் மக்கள் தொடுத்த வழக்கில், 1991இல் தீர்ப்பளித்த நடுவர் அவர்தம் வாய்மொழி வரலாறுகளுக்கு உரிய மதிப்பளிக்கவில்லை. 1997இல் கனடா உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வாய்மொழி வரலாற்றை எழுத்துச் சான்றோடு ஒப்ப வைத்து மதித்தல் வேண்டும் எனக் கூறி, மீண்டும் ஆராயுமாறு பணித்தது. அடுத்து, சில்கோட்டின் மக்கள் வழக்கில் 2012இல் மேல்முறையீட்டு மன்றம், செறிந்து வழங்கிய குறிப்பிட்ட இடங்களுக்கே உரிமை உண்டு என்னும் கருத்தைக் கொண்டது. 2014இல் உச்சநீதிமன்றம் அக்கருத்தை மறுத்து, நிலத்தின் இயல்பையும் மக்களின் வாழ்க்கை முறையையும் நோக்கி, முறையாக வழங்கி ஆண்ட பரப்பு முழுவதற்கும் உரிமை உண்டு எனத் தீர்த்து, 1,700 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை அவர்க்குரியது என அறிவித்தது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. மேல்முறையீட்டு மன்றத்தின் முன்னும் உச்சநீதிமன்றத்தின் முன்னும் இருந்த சான்று ஒன்றே. ஓர் அளவையால் அது புள்ளிகளாகச் சிதறிற்று. மற்றோர் அளவையால் ஒரு நாடாகத் திரண்டது. எனவே, நிறைவு என்பது தரவின்கண் மட்டும் உள்ள குணம் அன்று. தரவுக்கும் அதனை நோக்கி எழுப்பும் வினாவுக்கும் இடையே உள்ள பொருத்தம் என்பது பெறப்படும். மால்டெருட் முதலியோர் 2016இல் செறிவுக்கு மாற்றாக ‘தகவல் வலிமை’ என்னும் கருத்தை முன்வைத்து, ஆய்வின் நோக்கம், கேட்கப்படுவோரின் தகுதி, சார்ந்த கொள்கை, உரையாடலின் தரம், பகுப்பாய்வு முறை என்னும் ஐந்தும் பற்றிப் போதுமை வேறுபடும் என்றது இதனோடு ஒத்தது. ஆயின் அவ்வைந்தனுள் இடம் என்பது இல்லை. படத்திற்கு உரியவர் யார் என்பதும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்தாலன்றி அஃது இத்துறைக்கு நிரம்பாது.

7. ஒரு தடையும் விடையும்

‘எல்லோரையும் கேட்டல், பகுத்துப் பகுத்து நோக்கல், மீண்டும் ஊரார்முன் வைத்தல் என விரித்துச் சென்றால், பட்டத்திற்கு ஆராயும் மாணவர் காலத்திற்குள் முடித்தல் எங்ஙனம்?’ எனச் சிலர் தடை எழுப்பக்கூடும். தடை நேரியதே. முடித்தல் இயலாமை குற்றம் அன்று. முடிந்ததாகக் கூறலே குற்றம். முப்பதுபேரைக் கேட்டவர் முப்பதுபேரின் படம் எனத் தலைப்பிடலாம். ஊரின் படம் எனத் தலைப்பிடலாகாது. கோட்டின் தடிப்பையும் உடன் கூறுதல் வேண்டும். இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் ஒரு மில்லிமீட்டர்க் கோடு தரையில் 250 மீட்டர் ஆகும். அத்தகைய கோட்டை வைத்துக்கொண்டு, ‘இச்சுனை எல்லைக்கு உள்ளோ புறத்தோ?’ என்னும் வழக்கைத் தீர்க்க முற்படுவது அப்படத்தால் ஆகாததை அதனிடம் கேட்பதாகும்.

நம் நாட்டிலும் இவ்வினா ஏட்டளவில் நிற்பது அன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் வழிப் பழங்குடியினர் தம் காட்டுரிமையை நிறுவுதற்குக் கிராமசபையே உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராய்ந்து, கோரும் பரப்பின் படத்தையும் ஆயத்தம் செய்கின்றது. விதிகளின்படி கோரிக்கைக்குக் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும்; எழுத்தில் பொறித்த முதியோர் வாய்மொழியும் அச்சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்பெறும். சட்டம் இரண்டு என்றது ஏற்றுக்கொள்ளுதற்குரிய கீழெல்லையே. ஆராய்ச்சியின் நிறைவெல்லை அன்று. இப்பணியில் துணைபுரியச் செல்லும் நம் மாணவர், இடப்பெயரும் நாட்டார் வழக்கும் தொகுக்கும் பயிற்சி உடையவர். ஒரு பாறைக்கு வழங்கும் இரு பெயர்கள் இரு குடியினரின் உரிமையைக் காட்டுதல் கூடும் என்பதை அவர் அறிவர். அவ்வறிவு நிலப்படத்திற்குப் பெரிதும் உதவும்.

8. முடிபு

மேற்கூறியவற்றால், மக்கள் வரையும் நிலப்படத்தில் சான்று நிறைந்ததெனத் துணிதற்கு ஐந்து அளவைகளைக் கொள்ளலாம். முதலாவது, தொழில்வகையும் வழக்குவகையும் நிறைதல். செறிவுக் கொள்கை பயன்படுவது இங்கு மட்டுமே. இரண்டாவது, ஒவ்வொரு பிரிவினரிடத்தும் தனித்தனியே புறவெல்லை விரிதல் நிற்றல். மூன்றாவது, சான்றுகள் தம்முள் வேறு வழிவந்தவை ஆதல். நான்காவது, கோடு ஒவ்வொன்றற்கும் உரிய பொருள் அதனை வரைந்தவர் வாய்மொழியால் விளங்குதல். ஐந்தாவது, வெற்றிடம் ஒவ்வொன்றும் செல்லாதது, கேளாதது, கூறாதது என வேறுபடுத்திக் குறிக்கப்பெறுதல். கூறாததைக் குறிக்குமிடத்து, மறைபொருள் இருக்கும் இடத்தைச் சுட்டாமல், கூற விரும்பாதன உள என்னும் அளவில் நிற்றல் வேண்டும். மக்கள் காக்க விரும்பியதைக் காத்தலும் நிறைவின் ஒரு கூறே.

இவ்வைந்தும் அமைந்தபின்னும் ‘போதும்’ என்னும் சொல்லை ஆய்வாளர் தாமே கூறுதல் சாலாது. படத்தை ஊரார் கூடிய அவையில் விரித்து, ஆடவரும் மகளிரும் முதியோரும் இளையோரும் அதனைக் கண்டு, ‘இங்கு ஒரு துறை விடுபட்டது, அங்கு எம் பாட்டியார் கிழங்கு அகழ்ந்த மேடு இல்லை’ எனக் கூறுவன எல்லாம் கேட்டுத் திருத்தி, பின்னரும் ஒருமுறை விரித்து, அவர் வாயால் அச்சொல்லைக் கேட்டல் வேண்டும். நிலம் அவருடையது, ஆதலின் நிறைவு கூறும் உரிமையும் அவருடையதே என்பது எம் துணிபு.